பிணம் எங்கேயோ அங்கே: கழுகு வசனத்துக்கு நான்கு வாசிப்புகள்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். மீன்கழிவை இன்றைக்கு எந்த மூலையில் கொட்டியிருக்கிறார்கள் என்று அறிய யாரையும் விசாரிக்க வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும். செம்பருந்துகள் எதற்கு மேலே வட்டமடிக்கின்றனவோ, அதுதான் இடம். அதனாலோ என்னவோ, "பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள் வந்து கூடும்" என்ற வசனம் சின்ன வயதில் எனக்குப் புதிராகவே படவில்லை. புதுச்சேரியில் பெண் எடுத்து, மாமனாரோடு பேச ஆரம்பித்த பிறகுதான் அதற்குள் இவ்வளவு சிக்கல் இருப்பது தெரிந்தது.

வசனம் வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. மத்தேயு 24:28-ல், தம்முடைய வருகையைப் பற்றி இயேசு பேசும் நடுவில். லூக்கா 17:37-ல், அந்தப் பேச்சின் கடைசி வரியாக. லூக்காவில் சீடர்கள் "எங்கே, ஆண்டவரே" என்று கேட்கிறார்கள். அவர் பிணத்தையும் கழுகையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். அதிகாரமும் அங்கேயே முடிந்துபோகிறது. விளக்கம் கிடையாது. பிணம் யார்? கழுகு யார்? இந்த இரண்டு கேள்விக்கும் ஆளுக்கொரு பதில் சொல்லி ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஓடிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே மூன்று கட்சி உண்டு. நான் ஆற்காடு லுத்தரன் சபைக்காரன். மாமனார் மிஷன் வீதிப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சபைத் தந்தையர் என்கிற ஆதித் திருச்சபை ஆசிரியர்கள் எழுதியதையெல்லாம் விடாமல் படிப்பவர். என் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். மூன்று பேரும் ஒரு கிறிஸ்துமஸ் மறுநாள் மதியம் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில், ஒரு காலத்தில் நானே பிடித்துக்கொண்டிருந்த வாசிப்பு: கழுகுகள் என்றால் ரோமப் படை. ரோமின் ஒவ்வொரு படைப்பிரிவும் கோலின் உச்சியில் ஒரு கழுகைச் சின்னமாகத் தூக்கிக்கொண்டு போகும். கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்து எருசலேமை முற்றுகையிட்டு விழவைத்தபோது ஆலயம் எரிந்தது. வீரர்கள் தங்கள் கொடிச்சின்னங்களை ஆலய வளாகத்துக்குள் கொண்டுவந்து, கிழக்கு வாசலுக்கு எதிரே நட்டு, அவற்றுக்குப் பலியிட்டார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். செத்த நகரம் பிணம், மேலே கழுகுகள். படம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! உபாகமம் 28:49-ல் தூரத்திலிருந்து கழுகு பறப்பது போல ஒரு ஜாதி வரும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளிய பாண்டிச்சேரியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, முற்றுகை, பட்டினி, தரைமட்டம் என்ற வரிசை சட்டென்று மனதில் ஒட்டும்.

ஆனால் நின்று படித்தால் ஓட்டை தெரிகிறது. மத்தேயுவில் கழுகு வசனத்துக்கு முந்தின வசனம் மின்னலைப் பற்றியது: கிழக்கிலிருந்து மேற்குவரை பிரகாசிக்கிற மின்னலைப் போல மனுஷகுமாரனுடைய வருகை இருக்கும் என்பது. அங்கே எருசலேம் இல்லை, படையும் இல்லை. லூக்காவோ எருசலேமைச் சேனைகள் சூழ்வதைத் தனியாக 21-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அதையே 17-ஆம் அதிகாரத்தில் விடுகதையாகப் போட வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? நடந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற வசனத்தைத் தேடியிருக்கிறோம் என்று தோன்றியதும் அந்தக் கட்சியை விட்டு விலகிவிட்டேன்.

மாமனாருடைய வாசிப்பு இதற்கு நேர் எதிர்த்திசை. பிணம் என்பது கிறிஸ்துவின் உடல், கழுகுகள் என்பவர்கள் புனிதர்கள். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க மாப்பிள்ளை, அம்புரோசும் எரோணிமுசும் கிறிசோஸ்தோமும் இதைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். உண்மைதான். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் இதுதான் பெரும்போக்கு. அம்புரோஸ் இன்னும் ஒரு படி போய், பலிபீடத்தைச் சுற்றிக் கூடும் ஆன்மாக்களே கழுகுகள் என்று, அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் நற்கருணையோடு இணைக்கிறார். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப் போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்ற ஏசாயா 40:31 இவர்களுக்குப் பக்கபலம்.

நான் லேவியராகமம் 11:13-ஐ எடுத்துப் போட்டேன். அருவருக்க வேண்டிய பறவைகளின் பட்டியலில் முதல் பெயரே கழுகு. (பழைய மொழிபெயர்ப்பில் அடுத்து கருடன், அப்புறம் கடலுராஞ்சி. இந்தக் கடலுராஞ்சி என்ன பறவை என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு நான் வாங்கிய திட்டு தனிக்கதை.) தீட்டான பறவையை யூதர் ஒருவர் புனிதருக்கு உவமை சொல்வாரா என்று கேட்டேன்.

மாமனார் அசரவில்லை. "திருக்கழுக்குன்றம் போயிருக்கீங்கதானே?" என்றார். போயிருக்கிறேன். மலை மேல் குருக்கள் தினமும் பொங்கல் வைக்க, நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து தின்றுவிட்டுப் போகும். 1990-களின் பிற்பகுதி வரை அந்தக் காட்சி இருந்தது. ஊரே அவற்றை முனிவர்கள் என்று கும்பிட்டது. அவை மஞ்சள்முகப் பாறு என்ற இனம். குப்பையும் செத்ததும் தின்கிற பறவைதான். பிணம் தின்னும் பறவையைப் புனிதமாகப் பார்க்க மனிதனால் முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. வாதத்தில் இது ஒன்றும் நிரூபணம் கிடையாது, ஆனாலும் நல்ல அடி.

அந்தத் திருக்கழுக்குன்றப் பறவை வேறொரு கதவையும் திறந்துவிட்டது. ஊர் 'கழுகு' என்றது, பறவையோ பாறு. தமிழில் 'கழுகு' இரண்டுக்கும் பொது. வேட்டையாடும் பறவையும் கழுகு, இழவுக்கு வரும் பறவையும் கழுகு. சங்கப் பாடல்களில் எருவை, பாறு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு, பேச்சில் அவை உதிர்ந்துபோயின. ஆச்சரியம் என்னவென்றால் கிரேக்கத்திலும் இதே நிலைதான். சுவிசேஷத்தில் வரும் 'அயெட்டோஸ்' என்ற சொல் வேட்டைக் கழுகைக் குறிப்பது, ஆனால் பிணந்தின்னியையும் சேர்த்துக்கொள்ளும். அதன் பின்னாலுள்ள எபிரேய 'நேஷெர்' இன்னும் தெளிவு. மீகா 1:16 அதை மொட்டைத் தலைக்கு உவமை சொல்கிறது. மொட்டைத் தலை பாறுக்குத்தானே? யோபு 39-ன் கடைசி வசனமும் கொலையுண்டவர்கள் கிடக்கும் இடத்தில் அந்தப் பறவை இருக்கும் என்கிறது. இயேசு புதிதாக ஒன்றைக் கட்டவில்லை, ஏற்கெனவே கேட்டுப் பழகிய வாக்கைத்தான் எடுத்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இந்த யோபு வசனமே போதும்.

சரி, பாறு என்று வைத்துக்கொண்டால் என்ன மாறுகிறது? நிறைய மாறுகிறது. வேட்டைக் கழுகு கொல்லும். பாறு கொல்லாது, செத்ததைத் தேடி வரும். முதல் படத்தில் நியாயத்தீர்ப்பு என்பது மேலிருந்து பாய்ந்து உயிரை எடுக்கும் அடி. இரண்டாவது படத்தில் சாவு கீழே முன்பே நடந்துவிட்டது, பறவை அதைக் காட்டிக்கொடுக்கிறது. நான்கு வாசிப்புகளையும் உரசிப் பார்க்க எனக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்கவில்லை. ரோமப் படை வாசிப்பு வேட்டைக் கழுகை நம்பி நிற்கிறது. மாமனாருடையது ஏசாயாவின் உயரப் பறக்கும் கழுகை நம்புகிறது.

தம்பியின் வாசிப்புக்கு வருகிறேன். அவனுக்குக் கழுகைவிட, லூக்காவில் அதற்கு முந்தின வசனங்கள்தான் முக்கியம். வயலில் இருவர், திரிகை அரைப்பவர்கள் இருவர், ஒருவர் எடுக்கப்படுவார், ஒருவர் விடப்படுவார். அவர்கள் சபையில் இது 'இரகசிய வருகை': விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் உபத்திரவத்துக்கு மீந்திருப்பார்கள், கைவிடப்பட்டவர்கள் பிணம், அவர்கள் மேல் கழுகு. இந்த அமைப்பு பரவலானது 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகருடைய போதனைக்குப் பிறகுதான் என்று சொன்னால் தம்பிக்குப் பிடிக்காது. "பழசா இருந்தாத்தான் சரியா அண்ணே?" என்பான். அதுவும் நியாயமான கேள்விதான்.

இங்கே நம் மொழிபெயர்ப்புகளே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்". ஏற்றுக்கொள்வது நல்லது, கைவிடுவது கெட்டது. தமிழ்க் காது வேறு எப்படிக் கேட்கும்? மாமனார் வைத்திருக்கும் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொள்ளப்படுவார், விட்டுவிடப்படுவார் என்று இருக்கிறது. இதில் நல்லது கெட்டது ஒட்டவில்லை. கிரேக்க மூலமும் இப்படித்தான் இரண்டு பக்கமும் சாய்கிறது. 'எடுத்துக்கொள்' என்ற அந்த வினை யோவான் 14:3-ல் உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்வேன் என்ற இடத்தில் வருகிறது. தம்பிக்கு அது வெல்லம். அதே வினை மத்தேயு 27:27-ல் போர்ச்சேவகர் இயேசுவை அரமனைக்குள் கொண்டுபோகும் இடத்திலும் வருகிறது. அப்புறம் நோவாவின் கதை: ஜலப்பிரளயம் வாரிக்கொண்டு போனது கெட்டவர்களை, மீந்தது நோவா. லோத்துவின் கதையில் தலைகீழ், வெளியேறியவன் பிழைத்தான். லூக்கா இரண்டு கதையையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். யார் எடுக்கப்படுவார் என்பதை வைத்துக் கால அட்டவணை போட முடியாதபடி இந்த வசனங்கள் நழுவுகின்றன. "எங்கே" என்ற கேள்வி எடுக்கப்படுகிறவர்களைப் பற்றியது என்றால், அவர்கள் போய்ச் சேருமிடம் பிணமும் கழுகும் உள்ள இடமாகிவிடும். தம்பி இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, இன்னொரு வடை எடுத்துக்கொண்டான்.

நான் இப்போது நிற்பது நான்காவது இடத்தில். இது வெறும் பழமொழி. பிணத்துக்கும் கழுகுக்கும் தனித்தனியாக ஆள் பெயர் தேட வேண்டாம். 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று ஒருவர் சொன்னால் நெருப்பு யார், புகை யார் என்றா கேட்போம்? ஆனால் ஒரே பழமொழி, சொல்லும் இடத்தைப் பொறுத்து வேறு வேலை செய்யும். மத்தேயுவில், வனாந்தரத்தில் இருக்கிறார், அறைவீட்டுக்குள் இருக்கிறார் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள் என்ற எச்சரிக்கைக்குப் பின்னால் வருகிறது. மின்னலை யாரும் தேடிப் போவதில்லை, கழுகு வட்டமிடுவதையும் மறைக்க முடியாது. பாறுகள் கண்ணால்தான் இரை தேடும். ஒன்று இறங்கினால் தூரத்தில் பறப்பது அதைப் பார்த்து இறங்கும், அதைப் பார்த்து இன்னொன்று. வானமே செய்தி பரப்பும். எங்கள் துறைமுகக் கணக்கு இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

லூக்காவில் அதே வாக்கு வேறு கேள்விக்குப் பதில். பரிசேயர் "எப்போது" என்று கேட்கிறார்கள், கடைசியில் சீடர்கள் "எங்கே" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் முகவரி கிடைக்கவில்லை. எங்கே செத்துக் கிடக்கிறதோ அங்கே. எருசலேமாக இருக்கலாம், சோதோமாக இருக்கலாம், கடலூராகவும் இருக்கலாம். நியாயத்தீர்ப்பு ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை, அழுகலைத் தேடி வருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னார். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் 1990-களிலிருந்து நம் நாட்டுப் பாறு இனங்கள் செத்து விழுந்தன, சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலே போய்விட்டது. 2006-ல்தான் அந்தக் கால்நடை மருந்துக்குத் தடை வந்தது. இப்போது தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க முதுமலை, மாயாற்றுப் பக்கம் போக வேண்டும். "கழுகு வராட்டிப் பிணம் இல்லைன்னு அர்த்தமா மாப்பிள்ளை? உங்க பழமொழி இங்கே ஓடாது" என்றார். கேலியாகத்தான் சொன்னார். பழமொழி பிறந்த கலிலேயாவில் அது ஓடியது, அது போதும் என்று சமாளித்தேன்.

சமாளிக்க முடியாதது வேறொன்று. மத்தேயு 'ப்டோமா' என்கிறார், அது பிணம்தான். லூக்காவோ 'சோமா' என்று மாற்றியிருக்கிறார், அதற்கு உடல் என்று பொருள். நம் தமிழில் இரண்டு இடத்திலும் பிணம் என்றே இருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. கடைசி இராப்போஜனத்தில் 'இது என்னுடைய சரீரம்' என்னும்போதும், யோசேப்பு பிலாத்துவிடம் போய்க் கேட்கும்போதும் லூக்கா எழுதுவது அதே சோமா. அதுமட்டுமா, பழைய பிரதிகளில் மாற்கு 15:45-ல் பிலாத்து யோசேப்புக்குக் கொடுப்பது இயேசுவின் ப்டோமா. ஆக எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அவருடைய உடலுக்கும் பொருந்தியே நிற்கிறது. மாமனார் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லூக்கா ஏன் சொல்லை மாற்றினார் என்பதற்கு என் பழமொழி வாசிப்பில் பதில் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.