மவுத் ஆர்கனுக்கு ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் ஆம்ப்: பெங்களூரு அல்சூர் மொட்டைமாடிக்குப் போதும்
2.7 கிலோ, 3 வாட், 5 இஞ்ச் ஸ்பீக்கர், ஆறு ஏஏ பேட்டரி. தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோ ஏறிவிடலாம்.

ஆம்ப் வகை குமிழை 'பிளாக் பேனல்' தொனியில் வைத்து, கெயினை (ஒலியை முறுக்கும் குமிழ்) கால்வாசியில் நிறுத்தி, ட்ரெபிளைக் குறைத்து, வால்யூமைக் கூட்டுங்கள். கரகரப்பான ப்ளூஸ் தொனி வரும். அதே குமிழில் உள்ள 'ஆர்-ஃபையர்' பக்கமே போகாதீர்கள். மைக்கைக் கையால் பொத்தியதும் ஊளையிடும். அதைத் தவிர்த்தும் ஊளை அடங்காவிட்டால் ஆம்பைப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில், தரையோடு வையுங்கள்.

மவுத் ஆர்கன்காரர்கள் கைக்குள் பிடித்து வாசிக்கும் புல்லட் மைக் நேரடியாகப் பொருந்தும். பாடகர்களின் எஸ்எம்58 மாதிரி லோ-இம்பிடன்ஸ் (குறைந்த மின்மறுப்பு) மைக்கை வெறும் கேபிளில் செருகினால் ஒலி சோனியாகத்தான் கேட்கும். மைக்கின் இம்பிடன்ஸை ஆம்புக்கு ஏற்றபடி உயர்த்தும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மாற்று அடாப்டர் வாங்குகிறவர்கள் 9 வோல்ட்டோடு நிற்காமல், பிளக்கின் நடுமுனை நெகட்டிவா என்றும் பாருங்கள். சத்தத்தில் இந்த ஆம்ப் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஈடுகொடுக்கும். டிரம்ஸ் சேர்ந்தால் இருக்கிற இடமே தெரியாது.