ஹெபடைடிஸ் பி: புரத ஊசியா, டி.என்.ஏ. ஊசியா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வுக்கு இந்த இரண்டில் எதை எடுப்பது என்று மூன்று வாரம் இழுபறி. கடைசியில் டி.என்.ஏ. பக்கம்தான் சாய்ந்தேன்.

வருமுன் காப்பதற்கு என்றால் பேச்சே இல்லை, புரத ஊசிதான். ஈஸ்ட்டில் வளர்த்த, வைரஸின் மேலுறைப் புரதம், 1986-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒரே தொல்லை, உறையக் கூடாது. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் ஊசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்த்த அலுமினியக் கூட்டுப்பொருள் திரிதிரியாக அடியில் இறங்கும். அப்புறம் குப்பைக்குத்தான்.

என் கேள்வி வேறு. வைரஸ் ஏற்கெனவே கல்லீரலில் குடியேறிவிட்டவருக்கு என்ன செய்வது? ஆன்டிபாடி ரத்தத்தில் மிதக்கும் வைரஸைப் பிடிக்கும். தொற்றிய செல்லைத் தேடிப் போய் அடிக்க டி செல் என்ற எதிர்ப்புச் செல் வேண்டும். வெளியிலிருந்து போகும் புரதம் பெரும்பாலும் ஆன்டிபாடியைத்தான் கிளப்பும். டி.என்.ஏ. ஊசியில் போவது பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றிய, அந்தப் புரதத்துக்கான மரபணு. நம் செல்லே புரதத்தைத் தயாரித்து, அதன் துண்டுகளை மேற்பரப்பில் காட்டும், வைரஸ் புகுந்த செல் காட்டுவதைப் போலவே. டி செல் பழகுவது அதைப் பார்த்துத்தான்.

சிக்கலெல்லாம் பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் நுழைப்பதில். எலித் தொடையில் 50 மைக்ரோலிட்டர் ஏற்றினால் அந்தச் சின்னத் தசை உப்பிவிடும். அந்த அழுத்தத்திலேயே கொஞ்சம் உள்ளே போகும் என்பார்கள். மனிதத் தசைக்கு அது எம்மாத்திரம்? எலியில் கொடிகட்டிப் பறந்த ஊசிகள் மனிதரிடம் மந்தமாகிப் போயின. அதனால் தங்கத் துகளில் பூசித் தோலுக்குள் சுட்டுப் பார்த்தார்கள். மின்துடிப்பு கொடுத்துச் செல் சவ்வைத் திறந்து பார்த்தார்கள். 2021-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற ஜைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பு மருந்தும் டி.என்.ஏ.தான், அதை ஊசியே இல்லாமல் தாரையாகத் தோலில் பீய்ச்சினார்கள். நான் எடுத்தது மின்துடிப்பு. மயங்கிக் கிடக்கும் எலியின் கால் ஒரு வெட்டு வெட்டும். முதல் நாள் எனக்குத்தான் கை உதறியது. ஆனால் பிளாஸ்மிட்டை வெறும் ஊசியாகப் போட்ட கூண்டுக்கும் இதற்கும் டி செல் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என் அனுபவம் எலியோடு சரி. பிரான்சில், மாத்திரையால் வைரஸ் கட்டுக்குள் இருந்த 70 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு டி.என்.ஏ. ஊசி போட்டு, பிறகு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். வைரஸ் தலைதூக்குவதை ஊசி தடுக்கவில்லை என்று 2015-ல் முடிவு வந்தது. பல வருடத் தொற்றில் டி செல்களே களைத்துப் போயிருக்கும். அவற்றை ஒரு ஊசி தனியாக எழுப்பிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் முதலில் டி.என்.ஏ., பிறகு பூஸ்டராகப் புரதம் என்று வைத்திருக்கிறேன். பிளாஸ்மிட் உறைபெட்டியில் கிடக்கிறது. புரதக் குப்பிகளைக் கீழ்த்தட்டில், அந்தக் குளிர் எட்டாத மூலையில் தள்ளி வைத்திருக்கிறேன்.