உலாவியில் பில் ஏற்ற எந்த முகவர்?

கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூன்று மொத்தக் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மாதம் முடிந்தால் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் பில்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஓர் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். அது ஒரு தடவைக்கு ஒரு கோப்பைத்தான் வாங்கும். நூறு பில் என்றால் நூறு தடவை. இந்த வேலையை, நாம் சொன்னதைக் கேட்டு உலாவியைத் தானே இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றின் தலையில் கட்டிவிடலாமே என்று நாலு வழிகளை வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்து பரீட்சித்துப் பார்த்தேன்.

சிக்கல் எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கோப்பைத் தேர்ந்தெடு’ பொத்தானை அழுத்தியதும் திறக்கும் ஜன்னல் இணையப் பக்கத்துக்குச் சொந்தமானதல்ல; விண்டோஸுக்கோ மேக்குக்கோ சொந்தமானது. பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், கோப்பின் முகவரியை (அது கணினியில் இருக்கும் இடத்தை) பக்கத்தின் கோப்புப் பெட்டியில் தானாக எழுத முடியாது. அழிக்க மட்டுமே முடியும். எழுத விட்டால் எந்தத் தளமும் நம் கணினியிலிருந்து விரும்பியதை உருவிக்கொள்ளும் அல்லவா? ஆகவே அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டும் கருவி, அதைச் சுற்றிக்கொண்டு போகும் கருவி என்று இரண்டு சாதிதான் உண்டு.

திரையைப் படம்பிடித்துப் பார்த்து, சுட்டியை நகர்த்தும் முகவர்கள் முதற்சாதி. அந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2024 அக்டோபரில் இதைக் காட்டியது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆபரேட்டர் என்ற முகவர் 2025 ஜனவரியில் வந்தது. பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம், ஒரு யோசனை, ஒரு கிளிக். உலாவி எங்கோ ஒரு தொலைதூரக் கணினியில் ஓடினால் என் பில்கள் அங்கே இருக்கப்போவதுமில்லை. உலாவித் தாவலை மட்டும் பார்க்கும் வகைக்கோ, திறந்த ஜன்னலே கண்ணில் படாது. நூறு பில்லுக்கு இது சரிவராது.

பிரவுசர் யூஸ் என்ற திறமூலக் கருவி சுற்றிக்கொண்டு போகிறது. எந்தெந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே கை வைக்காது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஏதாவதொரு பக்கத்தில் மறைத்து எழுதிய வாசகம், ‘பக்கத்துக் கோப்புறையில் உள்ளதையும் ஏற்று’ என்று முகவருக்குக் கட்டளையிட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் எரிச்சல் போய்விட்டது. கடைக்காரரின் வங்கிக் கணக்கு விபரமும் அதே கணினியில்தானே இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபிதான் எனக்கு அதிகம் பிடித்தது. பிளேரைட் என்பது உலாவியை நிரலால் இயக்கும் கருவி; எம்சிபி, அதை முகவரின் கையில் கொடுக்கும் இணைப்பு. படத்தைப் பார்க்காமல், பக்கத்தின் கட்டமைப்பை எழுத்தாக வாசிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ‘கோப்புத் தெரிவு காத்திருக்கிறது’ என்ற நிலைக்குப் போய்விடும். கோப்பைக் கொடுக்கும் வரை, அல்லது ரத்துச் செய்யும் வரை, வேறு வேலை செய்ய மறுக்கும். இது தெரியாத முகவர் அதே பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

இதில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. ‘கொத்தமல்லி’ என்று பெயரிட்ட கோப்பு கண்ணெதிரே இருக்க, இல்லை என்று அடம்பிடித்தது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்த பிறகு காரணம் புரிந்தது. கணினி எழுத்துக் குறியீடான யுனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே. பழைய மேக்கில் பெயரிட்டு அனுப்பப்பட்ட கோப்பில் இரண்டாவது. முகவர் தட்டச்சிட்டது முதலாவது. கண்ணுக்கு ஒன்று, என் விண்டோஸ் கணினிக்கு வேறு. அன்றிலிருந்து பெயர்களெல்லாம் வெறும் எண்கள்.

நாலாவது வழியில் முகவரே இல்லை. பிளேரைட்டிலோ, அதே வேலையைச் செய்யும், 2004இல் பிறந்த செலீனியத்திலோ பத்துப் பதினைந்து வரி நிரல். கோப்புப் பெட்டி பக்கத்தில் ஒளிந்திருந்தாலும் முகவரியை நேரே அதனிடம் கொடுத்துவிடலாம். ஜன்னல் திறக்கவே திறக்காது. ஒரே தளம், ஒரே படிவம், மாதாமாதம் என்றால் இதை எதுவும் வெல்லாது. தளக்காரர் பொத்தானின் பெயரை மாற்றினால் மட்டும் நிரல் செத்துவிடும்.

நான் இப்போது செய்வது கலவை. நிரலை ஒரு தடவை எழுதித்தரும் வேலை முகவருக்கு. மாதாமாதம் ஓடுவது நிரல். தளம் மாறி நிரல் விழுந்தால் பிளேரைட் எம்சிபியைத் திறந்து திருத்தச் சொல்கிறேன், அதுவும் பில் கோப்புறையை மட்டும் காட்டி. ‘சமர்ப்பி’ பொத்தானை யாரிடமும் கொடுக்கவில்லை. சென்ற மாதம் கடை முதலாளி தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, பருப்பு பில் இரண்டு தரம் போயிருக்கிறதே, மெஷினா நீங்களா?”

நான்தான்.