முதலில் கொடியா, வாக்குச்சீட்டா?

புதிதாக விடுதலை பெறும் நாட்டில் ஜனநாயகம் வேர்பிடிக்க வெளியார் எப்படி உதவலாம்? ஐ.நா. இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டது. கிழக்கு திமோரில் ஆட்சியையே தன் கையில் எடுத்துக்கொண்டது. தெற்கு சூடானில் விடுதலைக்குப் போராடியவர்களிடமே ஆட்சியை விட்டுவிட்டு, அமைதிப்படையும் ஆலோசனையும் தந்தது.

முதல் வழியில் மனக்கசப்பு அதிகம். 1999 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் பிரிய வாக்களித்தார்கள். அதற்குப் பிறகும் சட்டம் போடும் அதிகாரம் ஐ.நா. நிர்வாகத்தின் தலைவராக வந்த பிரேசில்காரர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவிடம்தான். சொந்த ஊரிலேயே பார்வையாளராக நிற்க வேண்டியிருக்கிறதே என்று திமோர் தலைவர்கள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டரை ஆண்டில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல், அரசியல் சட்டம், அதிபர் தேர்தல் மூன்றும் முடிந்தன. 2002 மே 20 அன்று கொடி ஏறியபோது நாட்டை ஆள மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள்.

தெற்கு சூடானில் 2011 ஜூலை 9 அன்று கொடி ஏறியது. விடுதலைப் படையே ராணுவம், அதன் கட்சியே அரசு. 2013 ஜூலையில் அதிபர் சல்வா கீர், துணை அதிபர் ரியெக் மச்சாரை நீக்கினார். டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் துப்பாக்கி வெடித்தது. உட்கட்சிச் சண்டையைத் தீர்க்க வாக்குப்பெட்டி இல்லை. 2015இல் வரவேண்டிய தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், 2024 டிசம்பரில் நடப்பதாக இருந்ததும் 2026 டிசம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது.

திமோரும் சொர்க்கமாகிவிடவில்லை. 2005இல் ஐ.நா. அமைதிப்படை அங்கிருந்து கிளம்பியது. மறுவருடமே, பணிநீக்கப்பட்ட சிப்பாய்கள் விவகாரத்தில் தலைநகர் டிலி எரிந்தது. அவசரப்பட்டு வெளியேறியது ஐ.நா.வின் தப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் 2007இல் நடந்ததைப் பாருங்கள்: தேர்தலில் அதிக இடம் பிடித்த ஃப்ரெதிலின் கட்சியால் ஆட்சி அமைக்க முடியவில்லை. ஆதரவாளர்கள் வீடுகளைக் கொளுத்தினார்கள். அப்புறம்? கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. அதன் தலைவர் லு ஓலோ பத்து வருடம் கழித்து அதிபரானார்.

திமோர் சிறிய நாடு, அதனால் சுலபம் என்பார்கள். பாதி உண்மை. மீதி பணத்தில் இருக்கிறது. எண்ணெய் வருமானத்தைச் சேர்த்துவைக்கும் பெட்ரோலிய நிதியத்துக்குத் திமோர் 2005இல் சட்டம் போட்டது. அதிலிருந்து பணம் எடுக்க நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். ஜூபாவிலோ, இனி எடுக்கப்போகும் எண்ணெயைக் காட்டியே அரசு கடன் வாங்கியது.