ஆறு வருடம், ஒரே கேப்டன்: கால்வெஸ்டன் விரிகுடாவில் தூண்டில் போட்ட அனுபவம்

2019 மே மாதம் முதல் தடவையாக ஒரு வழிகாட்டியின் (இங்கே கேப்டன் என்பார்கள்) படகில் டெக்சாஸின் கால்வெஸ்டன் விரிகுடாவுக்குப் போனேன். அன்றிலிருந்து 2025 வரை பதினேழு பயணங்கள். அதில் பதினான்கு ஒரே கேப்டனோடு. நடுவே மூன்று போட்டிகளிலும் கலந்துகொண்டேன். ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நண்பர்கள் "அவ்வளவு காசு கொடுத்துப் போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் காசு. 2019இல் மூன்று பேருக்கு, ஆறு மணி நேரத்துக்கு, 550 டாலர் கொடுத்தேன். கடைசியாகப் போனபோது அதே படகு, அதே நேரம், 750 டாலர். இதற்கு மேல் இருபது சதவீதம் டிப்ஸ். ராடு, ரீல், இரை எல்லாம் அவர்களுடையது. மீன்பிடி லைசென்ஸ் மட்டும் நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஃப்ளோரிடாவில் படகின் லைசென்ஸே வாடிக்கையாளர்களுக்கும் செல்லும், டெக்சாஸில் அப்படி இல்லை. அது தெரியாமல் விடியற்காலை ஐந்தரைக்குப் படகுத்துறையில் நின்று போனில் லைசென்ஸ் வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போவது இன்ஷோர், அதாவது கரையோர மீன்பிடிப்பு. ஆழ்கடல் இல்லை. கரை எப்போதும் கண்ணில் தெரியும். பெரும்பாலும் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு தண்ணீர்தான். சிப்பிப் பாறைத் திட்டுகள், சதுப்புப் புல், நடுவே ஓடும் சிறு கால்வாய்கள். நம் ஊர் உப்பங்கழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேற்று வாசனையே ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். இங்கே எல்லோரும் தேடுவது மூன்று மீன்கள்: ரெட்ஃபிஷ், புள்ளி போட்ட ட்ரவுட், தட்டையாக மணலில் படுத்திருக்கும் ஃப்ளவுண்டர். பெயரில் ட்ரவுட் இருந்தாலும் அது குளிர்நாட்டு ஆற்று ட்ரவுட் இனம் இல்லை. ரெட்ஃபிஷும் அதுவும் நம் கத்தாழை, பன்னா குடும்பம். படகில் ஏற்றியதும் ரெட்ஃபிஷ் வயிற்றிலிருந்து உறுமும் பாருங்கள், அந்தச் சத்தத்திலேயே சொந்தம் தெரிந்துவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பருவத்துக்கு ஒரு கேப்டன் என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரே கேப்டனை எல்லாப் பருவத்திலும் கூப்பிடுங்கள். முதல் பயணத்திலேயே "எனக்கு மீன் வேண்டும் என்பதைவிட, நீங்கள் ஏன் இந்த இடத்தில் படகை நிறுத்தினீர்கள் என்று தெரிய வேண்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் படகு எனக்குப் பள்ளிக்கூடம்.

உதாரணத்துக்கு ஒன்று. இரண்டாவது பயணம், விரிகுடாவின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் பே பக்கம். ஒரு மணி நேரமாக ஒன்றும் கடிக்கவில்லை. கேப்டன் திடீரென்று இன்ஜினை அணைத்துவிட்டு மூக்கை உயர்த்தினார். "தர்பூசணி வாசனை வருகிறதா?" என்றார். வந்தது! நறுக்கி வைத்த பழத்தின் வாசனை, நடு விரிகுடாவில். அடியில் ட்ரவுட் கூட்டம் சிறு மீன்களைத் தின்னும்போது எண்ணெய் மேலே மிதந்து வருமாம், அதன் வாசனைதான் இது. சற்றுத் தள்ளித் தண்ணீரில் அலையே இல்லாத ஒரு வழவழப்பான வட்டம் தெரிந்தது. அதைவிடப் பெரிய வட்டம் ஒன்று அப்பால் இருந்தது. நான் பெரியதைக் காட்டினேன். "அது பழசு, காற்றில் பரவிப் பெரிதாகிவிட்டது. சின்னதுதான் புதுசு, மீன் அதற்கடியில்தான் இருக்கிறது" என்றார். மிதப்புக்குக் கீழே உயிர் இறாலைக் கோத்து, காற்று வரும் திசையிலிருந்து அதை நெருங்கினோம். அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கும் மாறி மாறிக் கடித்தது. இதை யூடியூபில் பத்துத் தடவை பார்த்தாலும் வாசனை பிடிபடாது.

காற்றும் அப்படித்தான். இங்கே ஏற்றவற்றம் சராசரியாக ஓரிரண்டு அடிதான், நிலவைவிடக் காற்றுதான் தண்ணீரை நகர்த்துகிறது. குளிர்காலத்தில் வாடை பலமாக அடித்தால் விரிகுடாவின் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். திட்டுகள் எல்லாம் வெளியே தெரியும், மீன்கள் கால்வாய்க் குழிகளில் ஒதுங்கும். கோடையில் படகுக்கு வழியாக இருந்த இடம் ஜனவரியில் வெறும் சேறு. ஒரே இடத்தை இரண்டு பருவத்திலும் பார்க்காவிட்டால் இது மண்டையில் ஏறாது. ஒரே கேப்டன் என்று நான் அழுத்துவது இதனால்தான்.

எல்லாப் பயணமும் இப்படி அமையவில்லை. 2020இல் விலை குறைவு என்று வேறொருவரோடு போனேன். அவரே தூண்டிலை வீசி, மீன் மாட்டியதும் ராடை நம் கையில் கொடுப்பார். நாம் சுற்றி இழுத்தால் போதும். படத்துக்கு நன்றாக இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதைவிட மோசம், "என் கணக்கிலும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அதிக மீனைப் பெட்டியில் போடச் சொன்னார். டெக்சாஸ் சட்டப்படி வழிகாட்டியின் பங்கு கணக்கிலேயே வராது, வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத்தான் மீன். மறுத்துவிட்டேன். பாதி நாளிலேயே மனம் விட்டுப்போனது.

அளவு விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ரெட்ஃபிஷ் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று, 20 முதல் 28 அங்குலம் வரை. அதைவிடப் பெரியது ஒன்றை வைத்துக்கொள்ள லைசென்ஸோடு ஒரு டேக் (மீனில் கட்டும் அடையாளச் சீட்டு) வரும். ட்ரவுட் 2024 மார்ச்சிலிருந்து ஐந்தாக இருந்தது மூன்றாகி, அளவும் 15 முதல் 20 அங்குலம் என்று இறுகிவிட்டது. பலர் முணுமுணுத்தார்கள், எனக்கு இது சரியென்றே படுகிறது. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சாஸ் கடற்கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன என்று அரசே கணக்குச் சொன்னது. அந்த வருடம் என் கேப்டன் எல்லா ட்ரவுட்டையும் திருப்பி விடச் சொன்னார், நாங்களும் விட்டோம். ரெட்ஃபிஷின் கதை இன்னும் பெரிது. வலைகளால் அது அருகிப் போக, 1981இல் டெக்சாஸ் இயற்கையில் பிடித்த ரெட்ஃபிஷையும் ட்ரவுட்டையும் விற்பதையே நிறுத்தியது. பிறகு பண்ணைகளில் குஞ்சு பொரித்து விரிகுடாக்களில் விட்டார்கள். லேக் ஜாக்சனில் உள்ள பொரிப்பகத்தைக் குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.

அப்புறம், போட்டிகள்.

2022 ஆகஸ்டில் நண்பரோடு ஓர் அணிப் போட்டியில் சேர்ந்தேன். இரண்டு ரெட்ஃபிஷ், 28 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, உயிரோடு எடை மேடைக்குக் கொண்டு வர வேண்டும். அன்று காலை எங்களுக்கு நல்ல நேரம். வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தால் ஒன்று 27½, இன்னொன்று 27. ஆனால் மதிய வெயிலில், படகின் தொட்டியில் காற்றுப் பம்பு சரியாக ஓடவில்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும். எடை மேடைக்கு வந்தபோது சின்ன மீன் செத்திருந்தது. எடையில் கழித்துக்கொண்டார்கள், அது பெரிதில்லை. அந்த அளவு ரெட்ஃபிஷ் இன்னும் முதிராதது. விட்டிருந்தால் கடலுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல்கூட வாழ்ந்து முட்டையிட்டிருக்கும். தின்னவும் இல்லை, விடவும் இல்லை, வெறும் ஒரு எண்ணுக்காக அதைக் கொன்றோம். பல நாள் உறங்க முடியவில்லை.

அடுத்த வருடம் கிறிஸ்மஸ் பே பக்கம் நடந்த கயாக் போட்டிக்கு மாறினேன். மீனை அளவுப் பலகையில் வைத்து, அன்றைய குறியீட்டு அட்டையோடு படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனின் வழவழப்பு போகாது. இப்போது இந்த வகைப் போட்டிக்கு மட்டுமே பெயர் கொடுக்கிறேன். எந்தப் போட்டியிலும் ஏமாற்றவும் வழி இருக்கிறது என்பார்கள், உண்மைதான். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வடக்கே ஈரி ஏரிப் போட்டியில், எடை கூட்ட மீன் வயிற்றில் திணித்த ஈயக்குண்டு கிடைத்தது உலகத்துக்கே தெரியும். டெக்சாஸில் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. பரிசு பத்தாயிரம் டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் அது கடுங்குற்றம். பெரிய பரிசு வென்றவர்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்காரவைப்பதும் இங்கே வழக்கம்.

டெக்சாஸ் கடற்கரையில் கோடை முழுவதும் நடக்கும் ஸ்டார் போட்டியில், நடத்துபவர்கள் டேக் மாட்டி விட்ட ரெட்ஃபிஷைப் பிடித்தால் டிரக்கும் படகும் பரிசு. ஆனால் மீன் பிடிபடும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். கோடையில் கேப்டனோடு போவதாக இருந்தால், முதல் நாள் இரவே அந்தச் சின்னப் பதிவுத் தொகையைக் கட்டிவிடுங்கள்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போலரைஸ்டு கண்ணாடி (தண்ணீரின் பளபளப்பைக் குறைப்பது), முழுக்கைச் சட்டை, தொப்பி, நிறையத் தண்ணீர். தண்ணீரில் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும்.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு அதே கேப்டனிடம் பதிவு செய்திருக்கிறேன். சதுப்பிலிருந்து இறால் வெளியேற, மேலே கடற்காகங்கள் வட்டமிடும் பருவம் அது. ஃப்ளவுண்டருக்கு நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை தடை, மாட்டினால் விட்டுவிட வேண்டும். இம்முறை மகளும் வருகிறாள். 17 வயது ஆகாததால் அவளுக்கு லைசென்ஸ் வேண்டாம். தர்பூசணி வாசனையைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.