முடுக்கினால் கரகரப்பு: வீல் பேரிங்கா, ஆக்சில் ஜாயின்டா?

ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்பக்கம் எங்கோ கரகரவென்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுப் பழைய ஹேட்ச்பேக்கில் இது வந்தபோது மூன்று பேரிடம் காட்டினேன், மூன்று பதில் கிடைத்தது. ஒருவர் டயர் என்றார், ஒருவர் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் வீல் பேரிங் என்றார், மூன்றாமவர் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலையே செட்டோடு மாற்றச் சொன்னார். டயர்தான் என்று நம்பி, அலைன்மென்ட் பார்த்து, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, பணமும் கட்டிவிட்டு வெளியே வந்தால், முதல் சிக்னல் தாண்டியதுமே அதே கரகரப்பு.

மூன்றில் எது என்பதைக் காசு செலவழிக்காமலே ஓரளவு கண்டுபிடித்திருக்கலாம். முதலில் நின்ற வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மட்டும் மிதிக்க வேண்டும். அப்போதே சத்தம் வந்தால் மூன்று பேர் சொன்னதுமே தப்பு. பெல்ட் ஓடும் புல்லி, ஆல்டர்னேட்டர், அல்லது சைலன்ஸர் குழாயை மூடியிருக்கும் வெப்பத் தகடு என்று பார்க்க வேண்டும். அந்தத் தகட்டின் போல்ட் ஒன்று துருப்பிடித்து விட்டுப்போனால் இன்ஜினே போய்விட்டது போல அதிரும்; ஒரு கிளாம்ப் போட்டால் சரியாகிவிடும். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

நின்றால் சத்தமே இல்லையா? அப்படியானால் காலியான நேர்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். (சாவியை அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.) இழுவை நின்றதும் சத்தமும் நின்றால் ஆக்சில் பக்கம். உருளும்போதும் தொடர்ந்தால் டயர் அல்லது பேரிங். முடுக்கும்போது வேகம் கூடுகிறது, வேகத்தோடு பேரிங் சத்தமும் கூடுகிறது. அதனால்தான் ஆக்சிலேட்டரில் பிரச்சினை என்று ஏமாந்துவிடுகிறோம்.

டயரையும் பேரிங்கையும் பிரிப்பது எளிது. டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். கான்கிரீட்டில் ஊளையிடுவது புதுத் தார் ரோட்டில் அடங்கும். பேரிங்குக்கு ரோடு பற்றிக் கவலையில்லை, பாரம் பற்றித்தான் கவலை. வலப்பக்கம் வளைத்தால் எடை இடது சக்கரத்தில் ஏறும். எனக்கு அப்போதுதான் சத்தம் கூடியது. இடது பேரிங் என்பதற்கு அது முதல் சாட்சி.

ஆக்சிலின் இரு முனையிலும் வளைந்தபடியே சுழலும் சிவி ஜாயின்ட்டின் குரலே வேறு. வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிக் கிளம்பும்போது டக்டக்கென்று அடிக்கும். உள்பக்க ஜாயின்ட் என்றால் நேராகப் போகும்போதே, முடுக்கினால் வண்டி உதறும். சக்கரத்தின் உட்புறம் எட்டிப் பாருங்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து ரிம்மிலும் சஸ்பென்ஷனிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் மேலும் விசாரிக்க வேண்டியதில்லை. என் வண்டியில் இரண்டு பூட்டும் முழுசாக இருந்தன.

கடைசியில் போன மெக்கானிக் கடையில் பையன் ஒருவன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுகையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தான். "சார், நீங்களே தொட்டுப் பாருங்க." தொட்டேன். உள்ளே மணல் அரைபடுவது போல ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்தது.

சரி, எதை மாற்றுவது? ஜாயின்ட்தான் குற்றவாளி என்றால் மூன்று வழி உண்டு. சத்தம் வரும் முன்பே பூட் கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் போதும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த உலோகம் கிரீஸால் வளராது. வெளி ஜாயின்ட் மட்டும் மாற்றுவதுதான் என் தேர்வு. ஆனால் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, ஜாயின்ட்டுக்கென்றே வரும் கறுப்பு மாலி கிரீஸைப் போட வேண்டும். இரண்டு ஜாயின்ட்டும் போயிருந்தால் மட்டுமே முழு ஆக்சில். அதற்குச் சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழசு தேடுவதைக்கூடப் புரிந்துகொள்வேன், கையால் ஆட்டிப் பார்த்து வாங்கலாம். பழைய பேரிங் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

பேரிங் என்றால் சாமானைவிடப் போடும் விதம்தான் முக்கியம். என்னுடையது பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் இறக்கும் வகை. சுத்தியலால் அடித்து இறக்கினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, சில மாதங்களில் பழைய சத்தம் திரும்பிவிடும். பையன் அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் இறக்கி வந்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் மாறிப்போனால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், திரும்பவும் கழற்ற வேண்டும், அதற்குள் பேரிங்கும் வீணாகும். ஆக்சில் நட் புதிதாக, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும்.

"ஜோடியா மாத்திடலாமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். பேரிங்கை ஜோடியாக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வலது சக்கரத்தைச் சுற்றச் சொல்லி ஸ்பிரிங்கில் கை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. இடதுக்கு மட்டும் பணம் கொடுத்தேன்.