அக்ராவில் கென்டே துணி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

4,800 சீடி, கானா நாட்டுப் பணம். நம் ரூபாயில் முப்பதாயிரத்துக்கு மேல். நேற்று கானாவின் தலைநகர் அக்ராவில், கைவினைச் சந்தை ஒன்றில் அந்தப் பணம் முழுவதும் பறிபோனது. கென்டே என்னும் கைத்தறித் துணிக்கு விலை கொடுத்தேன், கைக்கு வந்தது அச்சடித்த துணி.

ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளம் ஏற்பாடு செய்த வழிகாட்டிதான் அந்தக் கடைக்குக் கூட்டிப் போனார். வாசலிலேயே தறி போட்டு வயதான நெசவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிதியின் கயிறுகளைக் கால்விரல் இடுக்கில் பிடித்து மாற்றி மாற்றி மிதிக்க, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் பறந்தது. நீளவாக்கு நூலான பாவு அவருக்கு முன்னால் பல அடி நீளத்துக்கு ஓடி, கடைசியில் ஒரு கல்லின் கனத்தில் விறைப்பாக நின்றது. நெய்து வரும் பட்டை நாலு அங்குல அகலம்தான். அப்படி இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால்தான் ஆண்கள் போர்த்தும் ஒரு முழுத் துணி ஆகும்.

கடைக்காரர் எடுத்துக் காட்டிய துணி அசல். புரட்டிப் பார்த்தேன், தையலைத் தடவிப் பார்த்தேன். "குமாசி நகரத்துப் பக்கம் பொன்விரே ஊரில் நெய்தது. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த கலை, அண்ணா" என்றார். யுனெஸ்கோ விஷயம் உண்மைதான். உழைப்புக்கு உரிய விலை என்று பேரமே பேசாமல் மொபைல் மணியில், அதாவது போனிலேயே பணம் அனுப்பும் சேவையில், 4,800 சீடி அனுப்பினேன். "ஓரம் மடித்துத் தைத்து, மாலையில் விடுதிக்கே அனுப்புகிறேன்" என்றார்.

பொட்டலம் வந்தது. பிரித்தால் அதே நிறம், அதே கோலம். ஆனால் பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தையலைக்கூடக் கோடாக அச்சடித்திருக்கிறார்கள்! ஒரு ஆள் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்வதை இயந்திரத்தில் அடித்து, அவர் உழைப்பைக் காட்டியே விற்கிறார்கள். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 4,800 சீடியில் அவருக்கு ஒரு காசு போயிருக்குமா?

இன்று காலை கடைக்குப் போனேன். "முதலாளி குமாசி போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள்" என்றான் ஒரு பையன். போனில் பிடித்தால், "நீங்கள் தேர்ந்தெடுத்த துணிதானே அது" என்கிறார் முதலாளி. கடையில் அந்தத் துணியை நான் எடுத்த படத்தை அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை, அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார். கடையில் வாங்கும் பொருளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிறது முன்பதிவுத் தளம். மொபைல் மணி சேவை மையத்திலோ, "பின் எண் போட்டு நீங்களேதான் அனுப்பியிருக்கிறீர்கள், வாங்கியவரிடமே கேளுங்கள்" என்றார்கள்.

நல்ல கென்டேயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: துணியைப் புரட்டுங்கள், இரண்டு பக்கமும் நிறம் ஏறியிருக்க வேண்டும். தையல் விரலில் தட்டுப்பட வேண்டும். தேர்ந்தெடுத்த துணி உங்கள் கண்ணை விட்டுப் போகக் கூடாது. அது பைக்குள் வரும்வரை ஒரு சீடிகூட அனுப்பாதீர்கள், ரசீது கேளுங்கள். குமாசி வரை போக முடிந்தவர்கள் பக்கத்து நெசவு ஊர்களான பொன்விரேக்கோ அடன்வொமாசேக்கோ போய் நெசவாளர் கையிலேயே பணத்தைக் கொடுங்கள்.

நாளை காலை போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கிறேன். இதே சந்தையில் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.